தூங்குகிற கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

எங்கள் வார்டில் எல்லோருக்கும் கழுகுப் பைத்தியம் பிடித்திருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவர் திருப்பாலைவனத்திலிருந்து வருகிற கண்டக்டர் அண்ணன். என் வீட்டுக்காரரைப் போலவே அவருக்கும் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம், டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஜன்னல் ஓரக் கட்டில் அவருடையது. நடுக்கட்டில் என் வீட்டுக்காரருடையது. சுவரோரம் எளாவூரில் டீக்கடை வைத்திருக்கிற அக்கா. நான் நடுக்கட்டிலின் காலடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

அமெரிக்காவில் எங்கேயோ ஒரு பெரிய மரத்தின் உச்சியில் வெண்தலைக் கழுகு ஒன்று கூடு கட்டியிருக்கிறது. பக்கத்திலேயே கேமரா வைத்து, அதை நாள் முழுக்கப் போனில் காட்டுகிறார்கள். கண்டக்டர் அண்ணன் தன் போனை மருந்துப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து மூன்று கட்டிலுக்கும் தெரியும்படி திருப்பி விடுவார். முதல் நாள் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நமக்குக் காலை என்றால் அங்கே ராத்திரி. கழுகு தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறது. படம் சாம்பல் நிறத்தில் அசையாமல் இருக்கிறது. மூன்று நோயாளிகள் கையில் ஊசியோடு மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு பறவை தூங்குவதை நான்கு மணி நேரம் பார்க்கிறார்கள். வேறு வேலை வெட்டி இல்லையா என்று கேட்டேன். இல்லைதான் என்றார் கண்டக்டர் அண்ணன்.

பிறகு நானும் பார்த்தேன். மாசி மாதத்தில் அது இரண்டு முட்டை இட்டது. ஜோடியில் ஒன்று அடைகாத்தால் மற்றொன்று போய் மீன் கொண்டு வரும். பனி கொட்டி முதுகு வெள்ளையாகிப் போனாலும் எழுந்திருக்காது. அந்தப் பறவைகள் ஒரு காலத்தில் அற்றுப்போகிற நிலைக்கு வந்துவிட்டனவாம். வயலுக்கு அடித்த மருந்து ஆற்றில் கலந்து, மீனுக்குப் போய், மீனிலிருந்து கழுகுக்குப் போய், முட்டை ஓடெல்லாம் மெலிந்து தாயின் பாரத்திலேயே உடைந்ததாம். மருந்தை நிறுத்தியதும் மெல்ல மெல்லத் திரும்பி வந்து இப்போது எல்லா ஆற்றங்கரையிலும் இருக்கின்றனவாம். கண்டக்டர் அண்ணன் இதைச் சொன்னபோது டீக்கடை அக்கா, "மருந்த நிறுத்தினதும் அது பொழச்சிகிச்சி. நமக்கு மருந்த நிறுத்தினா நாளான்னிக்கே சங்குதான்" என்றாள். ஊசி குத்த வந்த சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டது.

அவர்களுக்குள் ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. கழுகுச் செய்தியும் உடம்புச் செய்தியும் அதில் ஒன்றாகவே வரும். கழுகு இன்று இரண்டு மீன் சாப்பிட்டது, எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஆண் கழுகு குச்சி கொண்டு வந்தது, எனக்கு ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் பொதுவான குறை தாகம்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்துதான் குடிக்க வேண்டும். குடித்தது வெளியே போக வழி இல்லை, உடம்பிலேயே தங்கும், நுரையீரலுக்கு ஏறும். எடை மெஷினில் ஏறி நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். யார் எத்தனை கிலோ ஏறி வந்தார்கள் என்று சிஸ்டர் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லும். பெரிய பெரிய ஆம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்.

என் வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டுத் தண்ணீர் கொடுத்தவள் நான். பால்வாடியில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் எனக்கு. ஒரு மிடறு அதிகம் குடித்தால் பாட்டிலைப் பிடுங்குவேன். சாம்பாரில் உப்பில்லை என்று முகம் சுளித்தால் தட்டை எடுத்துவிடுவேன். என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் அது உதவாது என்றுவிட்டார்கள். கொடுக்க முடியாததற்கும் சேர்த்துத்தான் அவரை அதட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மாசியிலேயே அவர் ஒரு கருடனைக் கண்டெடுத்தார். செம்பருந்தை நாங்கள் கருடன் என்றுதான் சொல்வோம். படகு கிளம்பும்போது தலைக்கு மேல் அது வட்டமிட்டால் ஏரிக்காரர்களுக்கு மனசு நிறைந்துவிடும். பிடித்து முடித்ததும் முதல் மீன் அதற்குத்தான், மேலே தூக்கி வீசுவார்கள். கரையோரம் யாரோ விட்டுப்போன நைலான் நரம்பு வலையில் இறக்கை சிக்கி, அறுபட்டு, அது வலை கட்டும் கழியில் தொங்கிக்கொண்டிருந்தது. துண்டால் போர்த்தி வீட்டுக்குக் கொண்டு வந்தார். வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு. "அமெரிக்கா கழுகு இன்னா பெரிய கழுகு? இதான் அது. நம்ம ஊரு கருடன்தான் அங்க போயி மீன் துன்னு பெருத்துப்பூட்டுது" என்றார். அதை யார் சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. இறால் பெட்டியில் ஓட்டை போட்டு அதை வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். கண்டக்டர் அண்ணன் யார் யாருக்கோ போன் போட, வனத்துறை ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். எலும்பு முறியவில்லை, தசை சேர வாரங்கள் ஆகும், சரியானதும் பிடித்த இடத்திலேயே விடுவோம் என்று அவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். பெட்டியை அவர்தான் திறக்க வேண்டும் என்று வார்டே சேர்ந்து முடிவு செய்தது. அதிலிருந்து குரூப்பில் கருடன் செய்திதான். மத்தி மீன் மூன்று சாப்பிட்டதாம். கம்பியில் ஏறி உட்கார்ந்ததாம். எனக்கு எரிச்சலாக வரும். இவர் படுத்தால் மூச்சு முட்டி ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கினார், அதை ஒருவரும் கேட்கவில்லை. அவரும்தான் சொல்லவில்லை.

இனி நான் பாடு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குக் கோயிலில் வைத்துச் சீட்டு எடுப்பார்கள். எந்த நாள், எந்த இடம் என்று அதில் வரும். அதுதான் பாடு. பாடுக்காரர் தானே படகில் இருக்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து வராதவர் பெயரை எடுத்துவிடுவார்கள். இவர் ஏற்கெனவே இரண்டு முறை போகவில்லை. பங்குனியில் எடுத்த சீட்டில் செவ்வாய்க்கிழமை விழுந்தது.

சனிக்கிழமை மெஷினுக்குப் பிறகு செவ்வாய் வரைக்கும் இடைவெளி நீளம். ஞாயிறு, திங்களிலேயே கால் வீங்கிவிடும். அதனால் நான் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொல்கிறேன், வேறு நாள் மாற்றித் தரச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னைப் போகவிடவில்லை.

"நோயாளின்னு சொல்லிக் கேட்டு வாங்கினா அது பாடா மே? பிச்சை. பேரு போனா போவுதுன்னு உட்ரு, கேக்க மட்டும் போவாத."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரோடு முடிகிற பெயர்தான் அது. அந்தப் பெயருக்காக அவர் இரண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வார்டுக்கு நானே போன் செய்தேன். வீட்டில் விசேஷம், செவ்வாய்க்குப் பதில் புதன் காலை வரலாமா என்று கேட்டேன். இடம் இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஜாக்கிரதை என்றார்கள். ஒரே ஒரு நாள் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். வெயிலில் நின்றால் உடம்புத் தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும், வலை இழுப்பதும் ஒரு மெஷின்தான் என்று அவர் சொன்னார். நம்ப வேண்டும் என்று இருந்ததால் நம்பினேன்.

செவ்வாய் உச்சிப் பொழுதுக்கு அவர்கள் கரை திரும்பினார்கள். ஊசி போடுகிற இடது கையால் பாரம் இழுக்கக் கூடாது என்பதால் வலது கையை மட்டும் கயிற்றில் வைத்திருந்தாராம், மற்றவர்கள் சொன்னார்கள். வெள்ளை இறால் நன்றாகவே விழுந்திருந்தது. முதல் மீனை மேலே வீசினார். அன்றைக்குக் கருடன் எதுவும் வரவில்லை, மீன் தண்ணீரிலேயே விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறவனுக்கு அது என்று சொல்லிச் சிரித்தார்.

பாடு முடிந்து வருகிறவர்களுக்குப் பாடுக்காரர் வீட்டுப் பெண் மோர்ப்பானை கொண்டு போக வேண்டும். முதல் செம்பு பாடுக்காரருக்கு. அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். அவருக்கு வாயை நனைக்க மட்டும் கொடுப்பது என்று நினைத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். எல்லோரும் வேர்வையோடு சுற்றி நின்றார்கள். அவர் உதடு வெடித்திருந்தது. ஒன்றரை வருஷமாக அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு களை இருந்தது. நான் செம்பை நிறைத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுச் செம்பும் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் கொடுத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. காலையில் போகலாம் என்று அவர், இப்போதே என்று நான். அந்த வாக்குவாதத்தில் அரை மணி நேரம் போனது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார். என் மடியில் கிடந்த அவருடைய போன் இரண்டு மூன்று தடவை சிணுங்கியது. திருப்பாலைவனம் தாண்டும்போது அவர் கை கனத்தது. நான் டிரைவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அவரைப் பிடித்துக்கொண்டே போனேன்.

காரியம் முடிந்த பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு நாள் கொடுத்திருப்போமே அம்மா என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. நான் கேட்கப் போயிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் என்னதான் திட்டினாலும் போயிருக்க வேண்டும்.

இன்னும் சில நாள் கழித்துத்தான் அவருடைய போனைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீக்கடை அக்கா ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். "இன்னாண்ணா, வார்டுக்கு டிமிக்கி குட்த்துட்டியா? இப்பதான் கழுகுக் குஞ்சு வெளிய வந்துட்ச்சி. நீ இல்லாம நாங்க மட்டும் அவுங்கவுங்க ஊட்ல பாத்துகினு கீறோம், நல்லாவே இல்ல. வியாழக்கெழமயாவது வந்துடு." அதற்குக் கீழே ஈரம் காயாத ஒரு குஞ்சின் படம் இருந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

சித்திரையில் அதே போனுக்கு வனத்துறையிலிருந்து கூப்பிட்டார்கள். சார், உங்கள் கருடன் தயார், ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறோம் என்றார்கள். சார் இல்லை, நான் வருகிறேன் என்றேன்.

கண்டக்டர் அண்ணனும் டீக்கடை அக்காவும் வந்திருந்தார்கள். வார்டு இல்லாத நாளில், புடவையிலும் வேட்டியிலும் அவர்களைப் பார்ப்பது புதிதாக இருந்தது. வெயில் கொளுத்தியது. பெட்டியை நான்தான் திறந்தேன். அது உடனே பறக்கவில்லை. மணலில் இரண்டு எட்டு நடந்து, கழுத்தைத் திருப்பி, ஏரியைப் பார்த்தது. பிறகு எழும்பியது. வலைக்கழிகளுக்கு மேல் ஒரு வட்டம் போட்டு வடக்கே போய்விட்டது. எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. டீக்கடை அக்கா வாய்விட்டு அழுதாள்.

வந்த வனத்துறை ஆட்களுக்காக நான் மோர் கொண்டு போயிருந்தேன். அவர்கள் குடித்துவிட்டு வண்டி ஏறினார்கள். கண்டக்டர் அண்ணன் படகு நிழலில் உட்கார்ந்து தன்னுடைய அரை லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. உதட்டை நக்கிக்கொண்டு என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"ஒரு வாய் குடும்மா. பஸ்ல வந்தது நாக்கு ஒட்டிகிச்சி. நாளைக்கு ஒர்நாள்தான, செவ்வாக்கெழம மெஷின் இருக்குது."

அதே பார்வை.

"முடியாதுண்ணா" என்றேன். "கோச்சிக்காத. குடுக்க மாட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மோரை மணலில் கொட்டினேன். பானையில் மிச்சம் இருந்ததையும் கொட்டினேன். என்னால் முடிகிறதே, இவ்வளவு சுலபமாக முடிகிறதே என்று நினைத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.