முன்கதவால் வந்த நாலு பேர்

1995ஆம் ஆண்டு ஆனி மாதம், மொன்றியலில் இருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில் என் மகன் ஒரு பழைய மரவீட்டை வாங்கினான். ஆற்றைக் கடந்து, அக்கரையில் உள்ள லொங்குய் நகரையும் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவே போகும் தெருவில் ஏழாவது வீடு. அதற்கு முன் நாங்கள் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். முப்பத்தெட்டுப் படிகள். இலங்கையில் முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக இருந்தவன் நான். எதைக் கண்டாலும் எண்ணிவிடுவேன். என் மனைவிக்கு இருதயம் பலவீனம். அந்தப் படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவாள். அவளுக்காகத்தான் மகன் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தான். அவனுடைய தொழிற்சாலை லொங்குய்யில் இருந்ததால் அவனுக்கும் போய்வர வசதி.

வீட்டுக்கு வயது தொண்ணூறுக்கு மேல். ஒன்பது ஜன்னல், அதில் நாலு திறக்காது. தகரக் கூரையில் பதினொரு ஓட்டை. அதில் இருந்த கிழவி இறந்தபின் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்ததாம். கூரைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஆள் பிடித்தோம். மற்றதெல்லாம் மகனும் நானும். முன்கதவை மட்டும் நான் தனியாக என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். காரணம், அது கிழக்குப் பார்த்த கதவு. திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். ஆறு பாகைதான் விலகல்.

அந்தக் கதவுக்கு இந்த ஊர்க்காரர்கள் செய்திருந்த அநியாயத்தை எப்படிச் சொல்வது? உள்ளே இருந்து ஏழு பெரிய ஆணி அடித்து, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்து அடைத்திருந்தார்கள். வெளியே ஐந்து படி. இரண்டு உக்கிப் போயிருந்தன. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஆனால் பக்கவாட்டில் இருந்த சமையலறைக் கதவுக்கு மட்டும் புல்லே முளைக்காத ஒற்றையடிப் பாதை ஒன்று தேய்ந்து கிடந்தது. வீட்டுக்கு ஒரு முகம் இருக்கும்போது விலாவால் நுழைகிற சனங்கள்!

நாற்பத்தாறு நாள் வேலை செய்தேன். ஏழு ஆணியையும் பிடுங்கினேன். ஏழு படை வர்ணத்தைச் சுரண்டினேன். வெள்ளை, சாம்பல், பச்சை, மண்ணிறம், மறுபடி பச்சை என்று போய், கடைசியில் நல்ல மஞ்சள் மரம் தெரிந்தது. உக்கிய படிகளுக்குப் புதுப் பலகை வைத்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர், என் வயதுக்காரர், மாடு வளர்ப்பவர், வேலியோரம் நின்று நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கள் மருமகள் அரசாங்க வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள், குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவள்தான் சொன்னாள்: “முன்கதவை ஏன் திறக்கிறீங்கள் எண்டு கேக்கிறார், மாமா. குளிர் வருமாம்.”

என் வீட்டு முன்கதவைத் திறக்க நான் இவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஆடி மாதம் குடிபுகுந்தோம். முன்அறையில் ஆறு நாற்காலிகளைக் கதவைப் பார்த்துப் போட்டு வைத்தேன், வருகிறவர்கள் உட்கார. ஒருவரும் உட்காரவில்லை. ஏனென்றால் வந்தவர்கள் எல்லோரும் சமையலறைக் கதவால் வந்தார்கள். அந்தப் பண்ணைக்காரர், அவருடைய மனைவி, எதிர்வீட்டு அம்மா, எல்லோரும்தான். ஒரு தட்டு, அடுத்த நொடி கைப்பிடி திரும்பும், ஆள் அடுப்புக்கு முன்னால் நிற்பார். தக்காளி, சோளம், விறகு என்று எதையாவது மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்துக்காலோடு உட்கார்ந்து விடுவார்கள். என் மனைவிக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லப் பொன்ஜூரும் நன்றி சொல்ல மெர்சியும் மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே அவர்களோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுவாள். நான் முன்அறையில் காற்சட்டை போட்டு, சேட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டிக் காத்திருப்பேன். ஒருவராவது வாசலால் வந்து, வீட்டுக்காரன் எங்கே என்று கேட்பார் என்று. கேட்கவில்லை.

சமையலறையில் தொங்கிய தமிழ்க் கடைக் கலண்டரில் வருகைக்கு ஒரு கோடு போட்டேன். மார்கழி முடியும்போது அறுபத்து மூன்று கோடு. முன்கதவால் வந்தவர்கள் பூச்சியம்.

எங்கள் ஊரில் முன்வாசலால் வருவது யார், பின்வாசலால் வருவது யார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்காரனை ஒரு மனிதனாக மதிக்கிறவன் கேட்காமல் அடுப்படிக்குள் நுழைவானா? கறுப்புத் தோல்காரர், அகதியாக வந்தவர்கள், இவர்களுக்கு என்ன வாசல் வேண்டிக்கிடக்கிறது என்ற எண்ணம்தானே? இதை நான் மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். மருமகளிடம் சொன்னேன். “மாமா, அவை குசினிக்குள்ளயே வந்திட்டினம். அதுக்கு மேல எங்கை வாறது?” என்றாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ரோசம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். தைப்பொங்கலுக்குள் ஒருவராவது முன்வாசலால் வராவிட்டால், நானும் மனைவியும் மொன்றியலுக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருப்பதாகவும் விசாரித்து வைத்தேன்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் மனைவிக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வந்தது. நான் முன்கதவைக் காட்டினேன். படியில் இடுப்பளவு பனி கிடந்ததால் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சமையலறைக் கதவால்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பண்ணைக்காரர் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படி ஏறக் கூடாது, சளி காய்ச்சல் உள்ளவர்களை அண்டவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மகன் இருட்டுப்படும் நேரத்தில் காரில் கூட்டி வந்து கீழறையில் படுக்க வைத்தான். மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, சமையலறைக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் பொருத்தியது. டாக்டர் சொன்னது நல்ல சாட்டாகப் போயிற்று. பண்ணைக்காரர் இரண்டு முறை வந்தார். தட்டினார், கைப்பிடியைத் திருகினார், திறக்கவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். மேல்ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்?

பொங்கலுக்கு முதல்நாள் மனைவியிடம் மறுபடி பேச்செடுத்தேன். நாளையோடு கெடு முடிகிறது, சாமான்களைக் கட்டலாம் என்றேன். கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். “முப்பத்தெட்டுப் படி எண்டு நீங்கள்தானே எண்ணிச் சொன்னனீங்கள்,” என்றாள். “நீங்கள் போங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்.” நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பொங்கலன்று காலை குளிர் மைனஸ் இருபத்துநாலு. பால் பொங்கியது மின்னடுப்பில்தான். ஆனால் படைப்பது வாசலில், சூரியனுக்கு முன்னால் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மகன் தடுத்தும் கேளாமல் சவளால் பனியை நானே அள்ளினேன். ஐந்து படி, அங்கிருந்து தெரு வரை பதினேழு காலடி. கம்பளிக் காற்சட்டைக்கு மேல் வெள்ளை வேட்டி கட்டி, முன்கதவை அகலத் திறந்து, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டேன். தெருவால் வந்த ஒரு கார் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்தது. அதற்குள் இருந்து பண்ணைக்காரருடைய மனைவி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும், வாசல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

படைத்து முடிந்து, குத்துவிளக்கை முன்அறைக்குள் எடுத்து வைத்துக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் இருக்கும். முன்கதவில் தட்டும் சத்தம்.

திறந்தேன். பண்ணைக்காரர், அவருடைய மனைவி, அவருடைய தம்பி, எதிர்வீட்டு அம்மா. எண்ணினேன்: நாலு பேர். எல்லோரும் கறுப்புக் கோட்டு. அந்த மாட்டுக்காரர் கழுத்தில் டை கட்டியிருந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக நான் திருத்திய படிகளில் ஏறி வந்து நின்றார்கள். என் ஆறு மாதக் கோபம் வென்றுவிட்டது என்று நினைத்தேன். கைகூப்பி, வாங்கோ என்றேன். பண்ணைக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்தார், பிடித்தவர் விடவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் இப்படி உருகுகிறார், சரி, பெருந்தன்மையாக நடந்துகொள்வோம் என்று அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதற்கு அவர் இன்னும் அழுதார்.

நாலு பேரும் என் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு சத்தமில்லை. எதிர்வீட்டு அம்மா மடியில் துணி மூடிய ஒரு பாத்திரம். குத்துவிளக்கைப் பார்த்து எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எங்கள் வழிபாட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் நெகிழ்ந்து போனேன்.

அப்போது உள்ளே இருந்து புதுச் சேலையோடு, கையில் பொங்கல் தட்டோடு என் மனைவி மெதுவாக நடந்து வந்தாள்.

பண்ணைக்காரருடைய மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். மறுபடி சிலுவை போட்டாள். கிட்டே போய் ஒரு விரலால் என் மனைவியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தட்டோடு சேர்த்து அவளைக் கட்டிப்பிடித்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் மருமகள் ஓடி வந்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் அவளிடம் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அதட்டிய பிறகுதான் பேச்சு வந்தது.

“மாமி செத்துப்போனா எண்டு நினைச்சு வந்திருக்கினம், மாமா.”

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்கதவு அன்றாடம் திறப்பதற்கு இல்லை. கல்யாணப் பெண் போக, பாதிரியார் வர, பிரேதம் போக, இந்த மூன்றுக்கும்தான். குளிர்காலத்தில் முன்படியில் பனி அள்ளியிருந்தால் வீட்டில் சவப்பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முன்பு இருந்த கிழவியைக் கொண்டுபோன பிறகு அந்தக் கதவுக்கு ஆணி அடித்ததே பண்ணைக்காரர்தானாம். அம்புலன்ஸ் வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதன்பின் சமையலறைக் கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. இன்று முன்கதவு திறந்து விளக்கு எரிகிறது. வேறு என்ன நினைப்பார்கள்?

பண்ணைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னார். மருமகள் சொன்னாள்: “சொந்தக்காரரும் அயலும் குசினியால்தான் வருவினமாம். முன்கதவைத் தட்டுறவன் ஒண்டில் பாதிரியார், ஒண்டில் வரி கேக்க வந்தவன் எண்டு சொல்லுறார்.”

பொங்கல் சாப்பிட்டார்கள். பண்ணைக்காரர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். எதிர்வீட்டு அம்மா கொண்டுவந்தது பன்றி இறைச்சிப் பணியாரம். அதை மகன் மறுநாள் தனியாகத் தின்று தீர்த்தான். போகும்போது நாலு பேரும் சமையலறைக் கதவால் போனார்கள். நான்தான் தாழ்ப்பாளைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

“இப்ப சந்தோசமோ? முன்கதவால வந்தாச்சு,” என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆறு மாதமாக இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று மருமகளிடம் பாய்ந்தேன். “குசினிக்கு வந்து ஒருநாள் அவையோட இருந்து கதைச்சனீங்களே, மாமா? கதைச்சிருந்தா நீங்களே கேட்டிருக்கலாம்,” என்றாள். அன்று மாலையே தாழ்ப்பாளைக் கழற்றினேன். நாலு திருகாணி. மொன்றியலுக்குத் திரும்பும் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அயலார் இப்போதும் சப்பாத்துக்காலோடுதான் வருகிறார்கள், சமையலறைத் தரையெல்லாம் பனி கரைந்து குட்டை குட்டையாக நிற்கிறது, நான் இப்போதும் சிடுசிடுத்துக்கொண்டு அதைத் துடைக்கிறேன். அவர்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் கோபம் முழுதாகப் போகவில்லை. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பின்வாசல் என்றதும் எனக்கு ஏன் அவமானம் என்று தோன்றியது? அந்தப் பாடம் எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஒருவரும் இல்லை. அதை நடத்திக் காட்டியவனே நான்தான். வேலையில் என் அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பத்தொன்பது வருடம் பிடித்தவர் ஒருவர் இருந்தார். காடு, சேறு, பாம்பு எல்லாவற்றையும் எனக்கு முன்னால் மிதித்துப் போனவர். மாலையில் கருவிகளைத் தோளில் சுமந்து எங்கள் வீடு வரை கொண்டு வருவார். முன்வாசலில் மூன்று படி. அதில் அவர் கால் பட்டதில்லை. கிணற்றடிப் பக்கமாகச் சுற்றி வந்து, அடுப்படிக்கு வெளியே நின்று, ஐயா என்று கூப்பிடுவார். தேநீர் அவருக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்த தகரப் பேணியில். முன்வாசலால் வராதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியே இருக்கவில்லை. வா என்றும் நான் சொன்னதில்லை.

அயலார் அன்போடு வந்த அறுபத்து மூன்று தடவைக்கும் கோபத்தோடு கோடு போட்டவன் நான். அந்த மனிதர் பத்தொன்பது வருடத்தில் எங்கள் பின்வாசலில் எத்தனை தரம் வந்து நின்றார் என்று எண்ண மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது அதை நினைத்து, எங்கள் சமையலறைக் கதவின் கைப்பிடி திரும்பும் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.