உத்திரட்டாதி நட்சத்திரம்

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் என் மனைவிக்காக நான் காத்திருந்த முதல் எட்டு நாளும், குருநகரில் மீன் விற்கும் ஒரு பெண் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய மகன் கிடந்தான். உப்பில் வெடித்த விரல்களில் ஒரு நீலச் செபமாலை எப்போதும் இருக்கும். மூன்று வேளையும் அதை உருட்டிச் செபிப்பார். முடிந்ததும் சுவரில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுவார். எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். நானும் இணுவில் கந்தனுக்கு நேர்த்தி வைத்து, மச்ச மாமிசம் தொடாமல் விரதம் இருந்தவன்தான். கண்ணை மூடினால் பயம்தான் வந்தது.

ஒருநாள் கேட்டார்: "உங்கடை மனுசியின்ரை பேர் என்ன அண்ணை? மாதாவிட்டைச் சொல்லத்தான்."

ஐயரிடம் அர்ச்சனைக்குச் சொல்லும் பழக்கத்தில், "கமலா, உத்திரட்டாதி நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாதாவே, உத்திரட்டாதி நட்சத்திரம் கமலாவை எழுப்பிவிடும் தாயே" என்று அப்படியே செபித்தார்.

எட்டாம் நாள் காலை மகன் இறந்துவிட்டான். அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார்.

"கமலா அக்காவுக்கு இண்டைக்கும் சொல்லிப்போட்டன் அண்ணை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

கமலா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண்மீது எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அன்றும் என் மனைவிக்காகக் கேட்க அவருக்கு வாய் வந்தது. அவருடைய மகனின் பெயரை, அந்த எட்டு நாளில், நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.