காலில் கட்டிய இரண்டாவது சீட்டு

திங்கட்கிழமை காலை ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது தாரணியின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா மோசம் போயிட்டா" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றின் பறவைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய கலாநிதி மங்கையற்கரசி, எங்களுக்கெல்லாம் மங்கை அக்கா, இனி இல்லை. நோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மனம் கேட்கவில்லை.

எண்பதுகளில் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய எங்கள் ஆட்களில் அவரும் ஒருவர். பிறந்து வளர்ந்தது நாட்டின் வடக்கே வடமராட்சியில், கரவெட்டி. விமானம் ஏறியது கொழும்பில். பதிவு செய்த அதிகாரி விமானச் சீட்டைப் பார்த்து, பிறந்த இடம் என்ற கட்டத்திலும் கொழும்பு என்றே எழுதிவிட்டார். அதைத் திருத்த அக்கா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். அது யுத்தத்தோடு போய்விட்டது. போட்ட அன்ட்ராக் விண்ணப்பங்கள் எல்லாம் திரும்பி வந்தன.

"கொழும்பிலை நான் நிண்டது ஒரு கிழமை. அதுவும் லொட்ஜிலை. அதுவாம் நான் பிறந்த இடம்!" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கோபமும் இருந்தது. கடைசிவரை அது ஆறவில்லை.

உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே விலங்கியல் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய பறவை, தென்னமெரிக்காவில் சேற்றால் அடுப்புப் போலக் கூடு கட்டும் ஒரு செம்பழுப்புக் குருவி. அதற்குப் போறணைக்குருவி என்று பெயர் வைத்திருந்தார். ஊர்ப் பேக்கரியில் பாண் சுடும் போறணையைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டுக்கு வேறு பெயர் சொல்லமாட்டார்கள். அந்தீஸ் மலைக்குக் கிழக்கே அமேசன் ஆற்றோரங்களில் ஒரு கூட்டம், மேற்கே எக்குவடோர், பெரு கரையோரத்தில் ஒரு கூட்டம், வடக்கே கொலம்பியா, வெனிசுவேலாப் பக்கம் இன்னொரு கூட்டம். இவை மூன்றும் ஒரே இனமா, மூன்று இனங்களா என்பதில் இன்றைக்கும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. அக்கா மூன்று என்றார். ஸ்டுட்கார்ட்டில் அதே வேலை பார்க்கும் நான் ஒன்று என்றேன்.

இதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சண்டை. "அந்தக் குருவியள் ஒண்டாய் இருந்தால் என்ன, மூண்டாய் இருந்தால் என்ன? சோறு ஆறுது, வாங்கோ" என்று என் மனைவி கத்துவார்.

என் பக்கம் பலமான சாட்சி ஒன்று இருந்தது. அக்காவின் இழுப்பறையிலேயே கிடந்த, பாடம் செய்த பழைய பறவை அது. நிறம் கிழக்குக் கூட்டத்தின் நிறம். காலில் கட்டிய சீட்டிலோ மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றின் பெயர். கிழக்கின் நிறம் மேற்கிலும் இருக்குமானால், நிறத்தைக் காட்டி எப்படிப் பிரிப்பது? கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேற்குக் குருவிக்குக் கண் வெளிறியது, கிழக்குக் குருவிக்குப் பழுப்பு. ஆனால் பாடம் செய்த பறவையில் கண் இருந்த இடத்தில் பஞ்சுதான் இருக்கும்.

நான் பெர்லின் போன ஒருநாள் அந்த இழுப்பறையைத் திறந்தார். "வாங்கோ ஐயா, வெளிச்சத்துக்கு வாங்கோ" என்று குருவியை எடுத்தார். பறவைகளோடு அவர் மரியாதையாகத்தான் பேசுவார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, சீட்டைப் பாத்தே இவருக்கு ஊர் சொல்லுறீர்? அப்ப என்ர பாஸ்போட்டைப் பாத்து என்னையும் கொழும்பாள் எண்டு சொல்லுவீர், என்ன?"

நான் விடவில்லை. "அக்கா, கதை காணாது. ஆதாரம் வேணும்."

"ஓம், அது நியாயம்" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆதாரம் தேடினார். அதே சேகரிப்பாளர் அதே துறைமுகப் பெயரோடு அனுப்பிய மற்றப் பறவைகளையெல்லாம் வெவ்வேறு இழுப்பறைகளிலிருந்து எடுத்து ஒரே மேசையில் அடுக்கினார். அவற்றில் பல, மலைக்குக் கிழக்கேயுள்ள காட்டைத் தவிர வேறெங்கும் வாழாதவை. பெட்டி கப்பலேறிய இடத்தின் பெயரை எல்லாவற்றின் காலிலும் கட்டிவிட்டிருந்தார்கள். என் சாட்சி அத்தோடு கவிழ்ந்தது.

அப்போதும் பழைய சீட்டை அவர் கழற்றவில்லை. எங்கள் தொழிலில் பிழையான சீட்டிலும் யாரும் கைவைக்கக் கூடாது. திருத்தத்தை வேறொரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் கட்டவேண்டும். ‘கப்பலேறிய இடம் மட்டும். வாழ்விடம் மலைக்குக் கிழக்கே’ என்று ஜெர்மனில் எழுதி, வெள்ளை நூலால் கட்டினார். முடிச்சை இறுக்கிக்கொண்டே, "எனக்கும் ஆரும் இப்பிடி ஒண்டு கட்டிவிட்டால் நல்லாயிருக்கும்" என்றார்.

அதன் பிறகும் மூன்று என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் சண்டை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அழைக்க எனக்கு வேறு சாட்டு இல்லை.

மரண அறிவித்தலைத் தாரணிதான் எழுதினாள். இங்கே பிறந்த பிள்ளை. ‘கொழும்பைப் பிறப்பிடமாகவும் பெர்லினை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கியிருந்தாள்.

"பிள்ளை, அம்மா கரவெட்டியெல்லே?"

"தெரியும் மாமா. ஆனா பேப்பர் எல்லாத்திலையும் கொழும்பு எண்டுதான் இருக்கு. மாறி எழுதினால் பிறகு பிரச்சினை வருமோ எண்டு பயந்திட்டன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவளுக்குக் குருவியின் கதையையும், அன்று அம்மா சொன்னதையும் சொன்னேன். அறிவித்தல் கரவெட்டி என்று திருத்தி வெளியானது.

மயானத்தில், பெட்டியில் பொருத்தியிருந்த தகட்டில் அக்காவின் பெயருக்குக் கீழே கொழும்பு என்று இருந்தது. அதை யாரும் தொடவில்லை. பெட்டியைத் தகனத்துக்கு உள்ளே எடுக்கப் போகும் நேரத்தில் தாரணி கைப்பையிலிருந்து ஒரு சின்ன மட்டையையும் வெள்ளை நூலையும் எடுத்தாள். ‘விமானம் ஏறிய இடம் கொழும்பு. ஊர் கரவெட்டி’ என்று கோணல் மாணலான தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். கைப்பிடியில் கட்டப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை. நான் நூலைப் பிடித்துக் கொடுத்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா. மூண்டுதான்.