சவரியின் முட்டி

கீழ்வீட்டு வங்கிக்காரர் காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்கூட்டர் சறுக்கிவிட்டதாம். கட்டு இன்னும் காயவில்லை. ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசனை மாடிப்படி ஏறி என் மூக்கு வரை வந்தது. அவ்வளவுதான், பெங்களூர் தொம்மலூரில் உட்கார்ந்திருந்த நான் பழைய பிளாக்பள்ளிக்குப் போய்விட்டேன். இன்றைய சிவாஜிநகருக்கு அன்று அதுதான் பெயர். சிவாஜிநகர் என்றால் அப்போது யாருக்கும் தெரியாது.

யுத்த காலம். என் சிநேகிதன் சவரிமுத்து சைக்கிளில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். நான் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாமவன் முனுசாமி, எங்கள் தெருத் தையல்காரன்.

சவரியின் காலை உடைத்தது நான்தான், அதை மறைப்பானேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் இறக்கத்தில் அவன் ஓட்ட, நான் முன்கம்பியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வந்தேன். எதிரே ஒரு ஜட்கா வண்டி. சவரி எப்படியும் ஒதுங்கிப் போயிருப்பான். நான் பயந்துபோய் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். ஓட்டுகிறவன் ஒருத்தன், பிரேக் பிடிக்கிறவன் இன்னொருத்தன், உருப்படுமா? எனக்குச் சட்டை கிழிந்தது, அவனுக்கு எலும்பு முறிந்தது. அந்நாளில் சைக்கிளில் இரண்டு பேர் போனால் குற்றம். அதனால் போலீஸ்காரர் கேட்டபோது, "தனியாத்தான் வந்தேன் சார்" என்றான். அந்த வலியிலும் என்னைக் காப்பாற்றினான்.

தந்தி ஆபீசில் மூன்று மாதம் அவன் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் அதிகாரி முன்னால் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், தினமும் நடக்கச் சொன்னார். நாங்கள் நடக்க விட்டோமா? அவன் முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது. சைக்கிள் சீட்டில் அவனை ஏற்றி, நான் ஹாண்டில்பாரைப் பிடிக்க, முனுசாமி பின்னாலிருந்து தள்ள, பூசைக்கு, சவரத்துக்கு, டீக்கடைக்கு என்று மாப்பிள்ளை ஊர்வலம்தான். கால் தரையில் படவில்லை. அவன் மனைவி மேரி, "நீங்க இல்லன்னா இவரு கதி என்னாண்ணே?" என்று கண் கலங்குவாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

மறுபடி டாக்டரிடம் போனோம். முட்டியை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை.

"இது நடந்த காலு மாதிரி தெரியலியே. யாருப்பா பல்லக்குத் தூக்கினது?"

நானும் முனுசாமியும் கூரையைப் பார்த்தோம்.

"பத்து நாள்ல மடங்கலேன்னா அப்புறம் மடங்கவே மடங்காது" என்றார். ஆபீஸ் கெடுவுக்கும் ஏறக்குறைய அத்தனை நாள்தான் பாக்கி. ஒருமுறை பயத்தால் அவன் காலை உடைத்தேன், இப்போது பிரியத்தால் முடக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, காற்று வாங்கலாம் வா என்று அல்சூர் ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே அவனை இறக்கி, கையில் தடியைக் கொடுத்துவிட்டு, நான் சைக்கிளில் ஏறினேன். முனுசாமி பின்னால் தொற்றிக்கொண்டான்.

"எங்கடா போறீங்க?"

"வூட்டுக்கு. நீ நடந்து வா."

"அடப்பாவி! காலை ஒடச்சவனும் நீ, ரோட்ல வுட்டுட்டுப் போறவனும் நீயா? நீ வெளங்குவியாடா?"

தமிழ் தீர்ந்ததும் கன்னடத்தில் திட்டினான், அப்புறம் உருதுவில். தந்தி கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் கற்றிருப்பான் போலிருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

வளைவு தாண்டியதும் ஒரு மதில் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தோம். நாலு அடி வைப்பான், உட்காருவான், மறுபடி எழுந்திருப்பான். ஒவ்வொரு தடவை முட்டி மடங்கும்போதும் அவன் போட்ட சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. முனுசாமி தோளில் கிடந்த அளவு நாடாவாலேயே கண்ணைத் துடைத்தான். நானும் அழுதேன். சவரி வீடு வந்து சேர உச்சிவெயிலாகிவிட்டது.

பத்து நாளும் இதே கூத்து, பத்து நாளும் இதே வசவு. கெடுவுக்கு முந்தின நாள் ஆபீஸ் வளாகத்தை மூன்று சுற்று ஓட்டிக் காட்டினான். வேலை நிலைத்தது.

இன்று அந்த ஏரிக்கரை ரோட்டில் குறுக்கே போகக்கூட வழியில்லை, அவ்வளவு வண்டிகள். முனுசாமி முதலில் போனான். சவரி போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கும் இப்போது முட்டி பிடித்துக்கொள்கிறது. மகன் தங்கமானவன், வாசற்படி வரை காரைக் கொண்டுவந்து, "நீங்க நடக்காதீங்கப்பா" என்று கைத்தாங்கலாக ஏற்றுகிறான். பேத்தி செருப்பை மாட்டிவிடுகிறாள். எல்லாரும் நல்லவர்கள். என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போக மட்டும் இந்த ஊரில் ஒருத்தனும் மிச்சமில்லை.