ஃபஸீலாவின் பூட்டுக் கம்பிகள்

ஃபஸீலா பயந்த சுபாவக்காரி. அதை அவள் மறைப்பதுமில்லை. சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் தன் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் தனியாக ஏற மாட்டாள். யாராவது வரும்வரை கைப்பேசியைப் பார்ப்பதுபோலக் கீழேயே நிற்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவள் பாதி வழியில் திரும்பி வந்து கேட்டை ஆட்டிப் பார்ப்பாள். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் சாதியா வரச் சற்றுத் தாமதமானால், ஆம்புலன்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும் உடனே அவளைக் கைப்பேசியில் அழைப்பாள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய பல் மருந்தகம் ஒன்றில் கருவிகளைக் கழுவி, ஆவியில் சுத்தம் செய்து, உறையிலிட்டு அடுக்குவது அவள் வேலை. அந்தச் சின்ன அறையில் மட்டும் அவள் வேறு ஆள். எந்தக் கருவியின் முனை மழுங்கியிருக்கிறது, எது அடுத்த மாதம் உடையும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்டவள் பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கில் போய் விழுந்ததற்கும் பயம்தான் காரணம். ஒரு விடுமுறை நாளில் குளியலறைக் கதவின் பிடி உள்ளுக்குள் உடைந்து சும்மா சுற்றியது. கைப்பேசி வெளியே. கணவன் ஆரிஃப் விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலையில் இருந்தான். தட்டினாள், கத்தினாள், யாருக்கும் கேட்கவில்லை. மாலையில் சாதியா வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. கீழ்த்தளத்துக் கடையிலிருந்து வந்த சீனர் ஒருவர் கதவிடுக்கில் மெல்லிய கம்பியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினார். கதவு திறந்துகொண்டது.

மதியம் முழுவதும் தன்னைப் பிடித்து வைத்திருந்த கதவு ஒரு கம்பிக்குக் கட்டுப்பட்டதை அவளால் மறக்க முடியவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். உலகம் முழுவதும் ஆட்கள் பூட்டுகளை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, சாவியில்லாமல் திறந்து மகிழ்கிறார்கள் என்பது தெரிய வந்தது. சாப்பாட்டின்போது ஆரிஃபிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அதெல்லாம் கள்ளன் வேலை. போலீஸ் பார்த்தா என்ன சொல்லுவே?" என்றான் அவன், மீன் முள்ளை எடுத்தபடி. சொன்னதை அவன் அப்போதே மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. அதன் பிறகு எல்லாமே ரகசியமாகத்தான் நடந்தது.

முதலில் இணையத்தில் மலிவான தொகுப்பு ஒன்றை வாங்கினாள். முப்பது கம்பிகள், வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பிடிகள், உள்ளே நடப்பது தெரியும்படி ஒரு கண்ணாடிப் பூட்டு. கண்ணாடிப் பூட்டு இரண்டாம் நாளே திறந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு காலை, வீட்டில் யாருமில்லாதபோது, பூட்டியிருந்த தன் வீட்டுக் கேட்டுப் பூட்டிலேயே உள்ளிருந்தபடி கையை வைத்தாள். கம்பி வளைந்தது. வளைந்தது நிமிரவில்லை. கொஞ்சம் அழுத்தினாள், முனை முறிந்து உள்ளே தங்கிவிட்டது.

சாவியும் நுழையவில்லை. மறுபடியும் அடைபட்டுவிட்டாள். அந்த நேரத்தில் எங்காவது தீப்பிடித்தால் என்ற நினைப்பு வந்தது. புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சொல்லித் துண்டைப் பிடித்து இழுத்தாள். அது வெளியே வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முறிந்த இடம் சொரசொரவென்று, மாவு போல இருந்தது. மட்டமான எஃகு. மருந்தகத்தில் இப்படி ஒரு கருவி வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பாள்.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். ஃபஸீலாவுக்கோ நல்ல கம்பி இருந்தால் இது நடந்திருக்காதே என்றுதான் தோன்றியது.

இணையக் குழு ஒன்றில் கேட்டாள். சுவா சூ காங்கில் இருக்கும் திலீப் என்ற கப்பல் பட்டறைப் பொறியாளர் பதில் போட்டார். மதிய இடைவேளையில் தேக்கா உணவங்காடியில் சந்திக்கலாம் என்றார். முன்பின் தெரியாத ஆண். அதுவும் இந்த விஷயத்துக்கு. தெரிந்தவர்கள் பார்த்தால் எதைச் சொல்வது என்று பயந்துகொண்டே போனாள். திலீப் அவளைவிடப் பத்து வயதாவது சிறியவர். தெ தாரிக் தேநீர்க் குவளையை நகர்த்திவிட்டு, டிஷ்யூவை விரித்துத் தன் கம்பிகளை வரிசையாக வைத்தார்.

"மூடி வைங்க தம்பி, ஆளுங்க பாக்குறாங்க."

"யாரும் பாக்கலக்கா. எல்லாரும் பிரியாணி க்யூவுல இருக்காங்க," என்றார் திலீப். "முப்பது பீஸ் எதுக்கு? நாலஞ்சு ஷேப் போதும். நகத்தால ஓரத்தைத் தடவிப் பாருங்க. பிசிறு இருந்தா பூட்டுக்குள்ள மாட்டும். வளைச்சு விட்டா நேரா திரும்பி வரணும். அப்புறம், பூட்டைத் திருப்பிப் பிடிக்கிற கம்பிதான் முக்கியம். எல்லாரும் உள்ள விட்டுத் துழாவுற கொக்கிக்குக் காசு கொடுத்துட்டு அதுல கஞ்சத்தனம் பண்ணுவாங்க."

ஃபஸீலா ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவினாள். வழுவழுப்பு விரலுக்குப் பழக்கமானது.

"இன்னொண்ணுக்கா. நம்ம பூட்டு மட்டும்தான். அதுலயும் தினம் யூஸ் பண்ற பூட்டுல கை வைக்கக் கூடாது."

"தெரிஞ்சுக்கிட்டேன் தம்பி," என்றாள் அவள்.

அவர் சொன்ன தயாரிப்பாளரிடமிருந்தே வரவழைத்தாள். கறுப்புத் தோல் உறையில் எட்டே துண்டுகள். ஒன்றில்கூட வண்ணமில்லை. சாதியா கல்லூரிக்குப் போனபின் பழைய பூட்டுகளை மேசையில் வைத்துப் பழகினாள். பூட்டுக்குள் சின்னக் குச்சிகள் ஒவ்வொன்றாக எழும்பி நிற்கும். சொத்தைப் பல்லில் கருவியின் முனை சற்றே அமிழ்வதை மருத்துவர் கையால் அறிவதுபோல, அந்த அசைவை எஃகு அவள் விரலுக்குக் கொண்டுவந்தது. பூட்டுத் திறக்கும் அந்தக் கணத்தில் அவள் எதற்கும் பயப்படவில்லை. திறந்த மறுகணம், காலடிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலைப் பார்ப்பாள்.

பிறகு ஒரு நாள், மின்தூக்கிக்கு முன்னால் போலீஸின் எச்சரிக்கைப் பலகை நின்றது. ஆறாம் மாடியில் திருட்டு. அடுத்த வீட்டு முத்தாயி அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பூட்டு உடையவே இல்லையாம் ஃபஸீலா. சாவி போட்டுத் திறந்த மாதிரி திறந்திருக்கான் லா. பெரிய கில்லாடிதான்."

போலீஸ் வீடு வீடாக விசாரித்தார்கள். ஃபஸீலாவின் வாசலிலும் நின்றார்கள். சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினாள். அவர்கள் நின்ற இடத்துக்கு நேரே இருந்த இழுப்பறையில்தான் அந்தக் கறுப்பு உறை இருந்தது.

எறிந்துவிடுவது என்று முடிவு செய்தாள். குப்பைக் குழாயில் போட்டால் கீழே துப்புரவாளர் கண்ணில் படும். மருந்தகத்தில் ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி உண்டு. நிரம்பியதும் சீல் வைத்து எரிக்கக் கொண்டுபோவார்கள். அதுதான் சரி. உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பெட்டியின் முன் நின்றாள். மூடியைத் திறந்தாள். போட முடியவில்லை. இரண்டு முறை போய் நின்றும் முடியவில்லை. இவ்வளவு நல்ல எஃகு, ஊசிகளோடு எரிந்து போவதா?

சாயங்காலம் உறையோடுதான் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தாள். நுழைவாயிலில் பைகளைச் சோதிக்கும் இயந்திரம் நின்றது. எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறாள். அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டார்கள்.

"ஆன்ட்டி, பேக்கைக் கொஞ்சம் ஓப்பன் பண்றீங்களா?" என்றார் இளம் பெண் போலீஸ் அதிகாரி. சட்டையில் ரக்ஷனா என்று பெயர். உறையைப் பிரித்தார். "இது என்ன?"

"கிளினிக் சாமான்மா. பல்லு கிளீன் பண்றது." எப்படி வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரக்ஷனா ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்தார். ஃபஸீலாவின் சீருடையில் இருந்த மருந்தகத்தின் பெயரையும் பார்த்தார். "ஓ, டென்டலா? ஓக்கே ஆன்ட்டி," என்று உறையை மடித்தார்.

வாங்கிக்கொண்டு நடந்திருக்கலாம். ஆனால் போலீஸிடமே பொய் சொல்லிவிட்டோம் என்ற திகில் அவளைப் பிடித்து உலுக்கியது. நாளைக்கு மருந்தகத்தில் போய்க் கேட்டால்?

"இல்லம்மா," என்றாள். "பொய் சொல்லிட்டேன். அது பூட்டு திறக்கிற கம்பி."

ரக்ஷனாவின் முகம் மாறியது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஃபஸீலாவை உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். மூத்த அதிகாரி ஒருவர் வந்து ஆங்கிலத்தில் கேட்டார். அவள் திணறிய இடங்களில் ரக்ஷனா தமிழில் சொன்னார்.

"ஹாபின்னு சொல்றீங்க. வெறும் ஹாபிக்கு எதுக்கு இவ்ளோ நல்ல செட்டுன்னு சார் கேக்குறார்."

"மட்டமானது பூட்டுக்குள்ளயே உடைஞ்சிடும்மா. ஒரு தடவை உடைஞ்சு என் வீட்டுக்குள்ளயே நான் மாட்டிக்கிட்டேன். இது பாருங்க, வளைச்சாலும் நேரா வந்துடும். ஓரத்துல பிசிறே இல்ல." சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. ரக்ஷனா மொழிபெயர்க்க, மூத்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினாள். தான் அறிந்ததைச் சொல்லச் சொல்லத் தேர்ந்த திருடியைப் போலல்லவா தெரிகிறது! கைப்பேசியில் திலீப்புடன் பேசியதையும், மேசையில் பூட்டுகளை வைத்து எடுத்த படங்களையும் காட்டினாள். அடையாள அட்டையை வாங்கிய மூத்த அதிகாரி முகவரியைப் படித்து நிமிர்ந்தார். அவர் சொன்னதை ரக்ஷனா தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் புளோக்கில்தானே திருட்டு நடந்தது என்று கேட்டார்.

ஃபஸீலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சாதியாவின் தோழிகள், மருந்தக மருத்துவர், முத்தாயி அக்கா, எல்லார் முகங்களும் கண்முன் வந்தன. யா அல்லாஹ், என் பிள்ளையை நாளைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

போலீஸ் அழைத்ததும் ஆரிஃப் வேலைச் சீருடையோடு வந்து சேர்ந்தான்.

"உங்க மனைவி பூட்டு திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ரக்ஷனா கேட்டார்.

அவன் கறுப்பு உறையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "தெரியாது," என்றான். ஃபஸீலாவுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போனது. "ஆனா மேடம், இவ லிஃப்ட்லகூடத் தனியா ஏற மாட்டா. கரப்பான் வந்தா அடுத்த வீட்டுக்கு ஓடுவா. இவ எப்படி இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போவா?"

ரக்ஷனா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். மூத்த அதிகாரிக்கு அவர் அதை மொழிபெயர்த்தபோது, அவர் பேனாவை வைத்துவிட்டு ஃபஸீலாவை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை கம்பிகள் தங்களிடமே இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆங் மோ கியோவில் இறங்கி நடக்கும்போது ஆரிஃப் கேட்டான்: "என்கிட்ட ஏன் சொல்லல?"

"கள்ளன் வேலைன்னு சொன்னீங்களே."

"சும்மா சொன்னேன் ஃபஸீ."

"எனக்கு அது சும்மா இல்லீங்க."

அடுத்த சில வாரங்கள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கைப்பேசியை ஆரிஃபிடம் நீட்டுவாள். கடைசியில் அந்த அழைப்பு வந்தபோதும் அவன்தான் பேசினான். ஆறாம் மாடி வீட்டுக்காரர்கள் காலணி அடுக்குக்குக் கீழே வைத்திருந்த சாவியை எடுத்துத்தான் திருடன் திறந்திருக்கிறான், பிடித்துவிட்டார்கள். அவள்மேல் எதுவுமில்லை, வந்து பொருளை வாங்கிக்கொள்ளலாம்.

போனபோது ரக்ஷனாவே உறையை எடுத்து வந்தார். "வீட்டுலயே வச்சுக்கோங்க ஆன்ட்டி. வெளிய கொண்டு போனா ஏன்னு நீங்கதான் பதில் சொல்லணும்."

ஃபஸீலா அங்கேயே உறையைப் பிரித்து ஒவ்வொரு ஓரமாகத் தடவிப் பார்த்தாள். துரு இல்லை. வெளியே வந்ததும் எம்ஆர்டி பக்கமே போக மாட்டேன் என்றாள். ஆரிஃப் டாக்சியைக் கூப்பிட்டான். உறையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"இங்க கொடு, நான் வச்சுக்கிறேன்," என்றான் ஆரிஃப்.

"வேணாம்," என்றாள் அவள். கொடுக்கவில்லை.