வெள்ளிக்கிழமை வெட்டிய நகம்

மடியில் பழைய நூல்சேலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் இரண்டு தரம் தட்டி, “வையுங்கோ” என்பார் கேதீஸ்வரி. எதிரே நீள மர வாங்கில் இருக்கும் கிழவர் கூச்சத்தோடு காலைத் தூக்கி அந்த மடியில் வைப்பார். வைத்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அநேகமாக எல்லாரும் அப்படித்தான். ஒரு பெண்பிள்ளையின் மடியில் தன் கால் கிடப்பதைக் கண்ணால் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. கேதீஸ்வரி அதைக் கவனிக்காதவர் போல, வெந்நீரில் நனைத்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, வேலையைத் தொடங்கிவிடுவார்.

வயோதிபர்களின் கால் நகம் வெட்டுவதுதான் அவருடைய தொண்டு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வலிகாமத்தில் மரம் நடுகிற சங்கங்கள் உண்டு, படம் பிடிப்பவரையும் கூட்டிக்கொண்டு போய் உலர் உணவு கொடுப்பவர்கள் உண்டு. கால் நகத்துக்கென்று ஸ்கூட்டியில் ஊரூராகத் திரிகிறவர் இவர் ஒருவர்தான்.

அது தற்செயலாக வந்த வேலை. சில வருடங்களுக்கு முன் மாதர் சங்கத்தோடு நீர்வேலியில் அரிசிப் பொதி கொடுக்கப் போயிருக்கிறார். தனியே இருந்த ஒரு முதியவள் பொதியை வாங்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, “அரிசி கிடக்குது பிள்ளை. உந்த நகத்தை வெட்டிவிடுவியோ? குனிய ஏலாமல் கிடக்கு” என்றாளாம். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேதீஸ்வரி கடைசியில் ஒரு வசனம் சேர்ப்பார்: “காசு வரும், மருந்து வரும், போனிலை முகமும் வரும். கனடாவிலை இருந்துகொண்டு நகம் வெட்டேலுமே?”

ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கும். அதற்குள் பெரிய நகவெட்டி, சின்ன அரம், பஞ்சு, மருந்துப் போத்தல், ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. பேரீச்சம்பழம் தனக்கு. காலையில் ஒழுங்காகச் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார். சீனி கூடி, சின்னக் கீறலும் ஆறாத சலரோகக்காரரின் கால்களில் கை வைக்கப் பயந்து, கிளினிக் நேர்ஸ் ஒருவரின் பின்னால் மாதக் கணக்கில் திரிந்து பழகிக்கொண்டார். சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரரின் மகள். கை எவ்வளவு மெதுவோ, வாய் அவ்வளவு காரம். “இந்தக் குதி வெடிப்புக்குள்ளை வெங்காயம் நடலாம்” என்பார். ஏச்சு வாங்கிய கிழவிகள், அடுத்த முறை வரச் சுணங்கினால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் நகவெட்டியைத் தொடவே மாட்டார். விளக்கு வைத்த பிறகும் இல்லை. வெட்டிய நகம் ஒன்றுகூட முற்றத்தில் விழாமல் பேப்பரில் சுற்றி, வேலியோரம் கிடங்கு தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் எழும்புவார். நீங்களும் இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால், “அவையின்ரை வீடு, அவையின்ரை சட்டம்” என்று முடித்துவிடுவார். ஆனால் தன் வீட்டிலும் அதே சட்டம்தான். ஒரு வெள்ளிக்கிழமை கணவர் நகவெட்டியைத் தேடப் போய், அது அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்ததைக் கண்டு நகம் வெட்டாமலே திரும்பியிருக்கிறார்.

செவ்வாயும் வெள்ளியும் கேதீஸ்வரிக்கு வேறு உத்தியோகம். அந்த நாட்களில் அவர் துணைவேந்தரின் மனைவி. பட்டுச்சேலை உடுத்து, முன்வரிசையில் இருந்து, குத்துவிளக்கில் ஒரு திரி கொளுத்தி, விளங்காத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார். கணவர் பேராசிரியர் வாகீசன் மேடையில் ஒரு மணித்தியாலம் தடங்கலில்லாமல் பேசுவார். மேடையை விட்டு இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சுகம் கேட்கவும் சொல் வராது. அவர் வருகிறார் என்றால் பீடாதிபதிகள் எழும்பி நிற்பார்கள். வீட்டில் கேதீஸ்வரி “இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டால் அவர் எழும்பி நிற்பார்.

தொண்டுக்குப் போகிற வீடுகளில் இந்தப் பட்டுச்சேலைக் கதையை அவர் மூச்சும் விடுவதில்லை. அங்கே அவர் சண்டிலிப்பாய்ப் பிள்ளை, அவ்வளவுதான். ஒரு வீட்டில் எப்படியோ தெரிந்துபோய், கால் மடியில் கிடக்கும்போதே பேரனுக்கு விடுதியில் இடம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இன்னும் கவனம்.

பல்கலைக்கழகக் கார் விஷயத்தில் புருஷனும் பெண்சாதியும் ஒரே பிடிவாதம். நீர்வேலி வாழைக்குலை ஒன்றைக்கூட அந்தக் காரில் ஏற்ற வாகீசன் விட்டதில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு, கூட்டம் முடிந்த கையோடு அவர் காரில் வந்திறங்க, இவர் பின்னால் ஸ்கூட்டியில் வந்திறங்கினார். இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்து, சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் சமாதானம் பேசத் தொடங்கிவிட்டார்.

இப்படிக் கவனமாக இருந்தவர், மயிலிட்டி ஏரம்பரிடம் பிடிபட்டார்.

ஏரம்பர் கடலை ஆண்ட மனிதர். இடம்பெயர்ந்து முகாம் முகாமாக அலைந்து, ஆமி காணியை விட்ட பிறகு வந்து, பழைய அத்திவாரத்தின்மேல் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு மகள் அற்புதராணியோடு இருக்கிறார். சலரோகம் கண்ணையும் காலையும் ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. காலில் என்ன குத்தினாலும் தெரியாது. கேதீஸ்வரி வரும் நாளில் கிணற்றடியில் இரண்டு தரம் கால் கழுவிவிட்டு வாங்கில் காத்திருப்பார். “வா பிள்ளை” என்பார். காலை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு, எந்த மாதம் எந்த மீன் எங்கே நிற்கும் என்று கதைப்பார். பெற்ற தகப்பனோடுகூட இவ்வளவு கதைத்ததில்லை என்று கேதீஸ்வரி சொல்வதுண்டு.

ஒரு முறை ஏரம்பரின் கால் பெருவிரல் ஓரத்தில் சின்னப் புண் ஒன்றைக் கண்டார் கேதீஸ்வரி. கிளினிக்கில் கேட்டு, பூசுமருந்து வாங்கி வைத்தார். அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு திறப்பு விழா. கணவரோடு காரில் போய்த் திரும்பும் வழியில் மனம் கேட்கவில்லை. நகம் வெட்டத்தானே கூடாது, மருந்து கொடுக்கலாமே என்று நினைத்தார். ஒரு நிமிட வேலைதான் என்று கணவரைச் சம்மதிக்க வைத்து, ஏரம்பர் வீட்டு ஒழுங்கையில் காரை நிற்பாட்டினார். சாரதி இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்துவிட, பட்டுச்சேலையும் கழுத்தில் கழற்ற மறந்த மாலையுமாக இவர் இறங்கினார். வேலிப் படலையில் நின்ற ஏரம்பருக்குக் கண் மங்கல்தான், ஆனால் அந்தக் காட்சி விளங்காத அளவுக்கு மங்கல் இல்லை. மிச்சத்தைப் பக்கத்து வீட்டார் காரின் முன்னால் இருந்த ‘துணைவேந்தர்’ பலகையை வாசித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை போனபோது வாங்கைக் காணவில்லை. துவாய் விரித்த பிளாஸ்ரிக் கதிரை ஒன்று போட்டிருந்தது. ஏரம்பர் தூரத்தில் நின்றுகொண்டு, “இருங்கோ அம்மா” என்றார். கையில் சோடா. காலில், நோர்வேயிலிருந்து மகன் அனுப்பிய தடித்த கம்பளிச் சொக்ஸ். பங்குனி வெயிலில், மயிலிட்டியில், கம்பளிச் சொக்ஸ். மகள் நகம் வெட்டிவிட்டாள், இனிமேல் நீங்கள் மினக்கெட வேண்டாம் என்றார். பின்னால் நின்ற அற்புதராணி இல்லை என்று மெல்லத் தலையாட்டினாள்.

புண்ணை எப்படியாவது பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் கேதீஸ்வரியின் மண்டைக்குள் நின்றது. கெஞ்சினார், ஏசினார், நேர்ஸைக் கூட்டிப் போனார். ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போக வந்த முச்சக்கரவண்டியையும் ஏரம்பர் திருப்பி அனுப்பினார். மரியாதை என்ற ஒன்று மனிதருக்கு இவ்வளவு கெடுதல் செய்யும் என்று அதுவரை தெரியாது என்கிறார் கேதீஸ்வரி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அற்புதராணியின் அழைப்பு வந்தது. சொக்ஸிலிருந்து கெட்ட மணம் வருகிறது, கழற்ற விடுகிறார் இல்லை என்று அழுதாள். வாகீசன் அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேதீஸ்வரி கேட்டார். கார் வேண்டும் என்றார். வாகீசன் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார். மருந்துக்காக ஸ்கூட்டியில் இருந்த ரின்னை அப்படியே தூக்கிக்கொண்டு கேதீஸ்வரி காரில் ஏறினார்.

முற்றத்தில் இருவரையும் கண்டதும் ஏரம்பர் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை. வாகீசன் வழக்கம்போலச் சொல் கிடைக்காமல் தடுமாறி, தொழிலெல்லாம் எப்படிப் போகிறது என்று, கடலை விட்டு வருடக் கணக்கான மனிதரிடம் விசாரித்தார்.

“இண்டைக்கு வெள்ளி அம்மா. நகம் வெட்டிற நாளில்லை” என்றார் ஏரம்பர்.

“நகம் வெட்ட வரேல்லை. காலைப் பாக்க வந்தனான்.”

“என்ரை கால் உங்கடை மடியிலை கிடந்ததை நினைச்சால் எனக்கு நித்திரை வருகுதில்லை. தெரியாமல் செய்த பிழை. இனி வேண்டாம்.”

கேதீஸ்வரிக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். சுற்றிப் பார்த்தார். மூலையில் கிடந்த பழைய வாங்கை இழுத்து நடு முற்றத்தில் போட்டார்.

“இஞ்சாருங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ” என்றார் கணவரைப் பார்த்து.

வாகீசன் வாங்கில் போய் இருந்துகொண்டு, சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினார். கேதீஸ்வரி எதிரே ஒரு பலகையில் குந்தி, சேலைத் துண்டை விரித்து, இரண்டு தரம் தட்டினார். “வையுங்கோ.” அவர் வைத்தார். வைத்ததும், சொல்லிக்கொடுத்தது போல, முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார். கேதீஸ்வரி ரின்னைத் திறந்து நகவெட்டியை எடுத்தார். வெட்டிய முதல் நகம் தெறித்து முற்றத்தில் விழுந்தது.

“பிள்ளை, உனக்கென்ன விசரே?” என்றார் ஏரம்பர். குரலில் பழைய கடற்காரன் திரும்பியிருந்தான். “வெள்ளிக்கிழமை, வீட்டு முத்தத்திலை நகம் விழுத்திறாய். தம்பி, நீயெண்டாலும் சொல்லக்கூடாதே?”

“நான் சொன்னால் கேக்கிற ஆளே அண்ணை?” என்றார் துணைவேந்தர். அவ்வளவு இயல்பாக அவர் ஒரு வசனம் பேசியதைக் கேதீஸ்வரியே முன்னர் கேட்டதில்லை.

நகவெட்டி அடுத்த விரலுக்குப் போய் நின்றது. கேதீஸ்வரி தலை நிமிரவில்லை. பிள்ளை என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்.

“உங்கடை காலைத் தாங்கோ. இதை விடுறன்.”

ஏரம்பர் நகம் விழுந்த பக்கத்தைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார். பிறகு வாகீசனுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, தானே சொக்ஸை உருட்டிக் கழற்றினார். பெருவிரல் கறுத்திருந்தது. அற்புதராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேதீஸ்வரி ஒரு வார்த்தையும் ஏசவில்லை. துடைத்து, சுத்தமான துணியால் தளர்வாகச் சுற்றிக் கட்டிவிட்டு, ஆசுப்பத்திரிக்குப் போவோம் என்றார். விழுந்த நகத்தை மட்டும் மறக்காமல் தேடி எடுத்துப் பேப்பரில் சுற்றினார்.

வாழைக்குலை ஏற்ற விடாத மனிதர் தானே போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் சில நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே வெட்டவேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். ஒரு விரலோடு போயிற்று. இப்போதும் ஏரம்பர் மிச்ச விரல்களைக் கேதீஸ்வரியின் மடியில் வைத்துவிட்டுக் கடலைத்தான் பார்க்கிறார்.

அன்று ஒழுங்கையில், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கார்க் கதவடிக்கு வந்த ஏரம்பர், கோயில் வாசலில் விடுவது போலச் செருப்பு இரண்டையும் மணலில் சோடியாகக் கழற்றிவைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஏறினார். சாரதி கவனிக்கவில்லை, வாகீசனும் கவனிக்கவில்லை. கேதீஸ்வரி குனிந்து அந்தச் செருப்புகளை எடுத்தார். ஒன்றோடொன்று தட்டி மணலை உதிர்த்தார். ஏரம்பருக்குப் பக்கத்தில் ஏறியிருந்து, அவற்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.