மீட்டர் கண்ணாடிக்குள் வந்த பனி

பின்னேரம் பைக்கை வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போது, மீட்டர் கண்ணாடியில் விரல் வைக்க முடியாது. அப்படிச் சுடும். அதே கண்ணாடி அடுத்த நாள் காலையில் உள்ளுக்குள் வியர்த்துப்போய் நிற்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. பெற்றோல் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது...

மாதக்கணக்காக மழையைக் காணாத மன்னாரில், மூடிக் கிடக்கிற கண்ணாடிக்குள் தண்ணீர் எந்த வழியால் போகிறது? அந்த நாட்களில் என் தலைக்குள் ஓடிய ஒரே கேள்வி இதுதான்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலம். விடத்தல்தீவுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. வீடு மன்னார்த் தீவில்; இடையில் கடல்மேல் நீளப் பாலம். அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன சின்ன மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவேன்.

பெண்பிள்ளை தனியே பாலம் தாண்டிப் போய்வருவதில் அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் வாயால் மறிக்கவில்லை. நான் வந்து இறங்கியதும் பைக்கை வாங்கிக் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போவார்.

அப்பா கடற்தொழில்காரர். கரைக்கு வந்தால் படகு இஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். பாலத்து உப்புக்காற்றில் வந்த என் பைக்கும் அவருக்குக் கடலுக்குப் போய்வந்த இஞ்சின்தான்.

"உப்பை ஒரு ராத்திரி விட்டாலும் இரும்பைத் தின்னும் பிள்ளை" என்றபடி வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார்.

முள் தெரியாததால் நான் பைக்கை ஆட்டி, தாங்கிக்குள் கேட்கிற சத்தத்தை வைத்துத்தான் பெற்றோல் கணக்குப் பார்த்தேன். ஒருநாள் அந்தச் சத்தம் என்னை நன்றாக ஏமாற்றியது. பொழுதுபடுகிற நேரம், நடுப்பாலத்தில் பைக் நின்றுவிட்டது. மீன் ஏற்றிவந்த ஒரு லொறிக்காரர்தான் என்னையும் பைக்கையும் வீட்டில் இறக்கினார்.

நான் பைக்கில் போய்வருவதைப் பற்றி அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"இனி ஒருக்கா எண்ணெய் முடிஞ்சு நிண்டியெண்டால் பஸ்தான். பைக்கை வித்துப்போடுவன்."

பஸ் என்றால் வேலை போன மாதிரித்தான். அது வருகிற நேரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடம் முடிந்திருக்கும்.

தோட்டவெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மீட்டரைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, திரும்பப் பூட்டித் தந்தார். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. திரும்பப் போய்ச் சொன்னபோது சிரித்தார்.

"இந்தக் கடற்காத்தில மனிசருக்கே வேர்வை காயுதில்லை தங்கச்சி. மீட்டர் எப்பிடிக் காயும்?"

நான் விடுவேனா? உப்புப் போத்தலுக்குள் அரிசி போடுவது ஞாபகம் வந்து, சின்ன அரிசிப் பொட்டலம் ஒன்றை மீட்டரோடு கட்டிப் பார்த்தேன். எறும்பு வந்ததுதான் மிச்சம். இரவில் பொலித்தீன் பையால் மூடிப் பார்த்தேன். இன்னும் மோசம். அம்மா பார்த்துவிட்டு, "நாளைக்குச் சீலையும் கட்டிவிடு" என்றா.

ஆவணி மாதம் அப்பா மடு மாதா கோயில் திருநாளுக்குப் போனார். தொழில்காரர் எல்லாரும் சேர்ந்து போய், அங்கேயே கொட்டில் போட்டுத் தங்கிவிடுவார்கள். அவர் போய் இரண்டு மூன்று நாளில் பனி குறைந்தது. பிறகு கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. முள் அப்படியே தெரிந்தது!

"நான் மாதாட்ட நேத்தி வைச்சனான்... அதுதான்" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டா.

அப்பா திரும்பி வந்தார். அடுத்த நாள் காலையில் பழையபடி பனி.

மாதா தந்ததைத் திருப்பி வாங்கமாட்டா. அப்படியானால் வீட்டில் மாறியது என்ன? அப்பா வந்தது மட்டும்தான். அன்று பின்னேரம் நானும் பின்னாலேயே கிணற்றடிக்குப் போனேன். சுடச்சுட நின்ற கண்ணாடியில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே பனி ஏறியது. சூடு திடீரென்று அடங்கும்போது, ஓரத்து இடுக்கால் தண்ணீரை உள்ளே இழுக்கிறது! மீட்டருக்கு அடியில் தடவிப் பார்த்தேன். உள்ளே போகிற ஈரம் வெளியேற வைத்த சின்ன ஓட்டை, அப்பா படகுக்குப் பூசுகிற பசையால் அழகாக அடைபட்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

கண்டுபிடித்த சந்தோசம் கொஞ்ச நேரம்தான். பிறகு பயம் வந்தது. நான் பைக் ஓடுவதற்கு அப்பா தந்த சம்மதமே அந்த வாளித் தண்ணீர்தான். கழுவவேண்டாம் என்றால் கோபத்தில் பைக்கையே விற்றுவிட்டால்?

ஒரு வெறும் போத்தலை வெயிலில் வைத்து, நன்றாகச் சுட்டதும் அவருக்கு முன்னால் தலைகீழாக வாளித் தண்ணீருக்குள் பிடித்தேன். கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் போத்தலுக்குள் ஏறியது. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப நான்தானோ தண்ணி விட்டனான்?"

"ஓமப்பா... சூடு ஆறினாப் பிறகு கழுவுவமோ? கீழ ஓட்டையும் திறந்து கிடக்கவேணும்."

"ஓட்டையை வைச்சே செய்திருக்கிறாங்களோ!" படகுக்காரருக்கு அதைத்தான் நம்ப முடியவில்லை. பிறகு ஊசி எடுத்து அவரே பசையைக் கிண்டினார்.

அதன் பிறகு எண்ணெய் முடிந்து நான் எங்கும் நிற்கவில்லை. பஸ் கதையும் அதோடு போய்விட்டது.

சூடு ஆறும்வரை அப்பா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருப்பார். நான் தேத்தண்ணியோடு கிணற்றுக் கட்டில் இருப்பேன். முதல் நாள், "விடத்தல்தீவில இப்ப என்ன மீன் படுது?" என்றார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அதற்கு முன் நாங்கள் இருவரும் அப்படி இருந்து கதைத்ததே இல்லை. இடைக்கிடை புறங்கையால் கண்ணாடியைத் தொட்டு, "இன்னும் ஆறேல்லை" என்பார். சில நாள் நான் தொட்டுப் பார்த்தால், அது எப்பவோ ஆறியிருக்கும்...

இப்போது நான் வவுனியாவில். டிஜிட்டல் மீட்டர் வைத்த ஸ்கூட்டர். எத்தனை மழையில் நனைந்தாலும் ஒரு துளி பனி உள்ளே வராது. நல்ல சாமான்தான். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவும் ஒன்றுமில்லை, கதைக்கவும் ஒன்றுமில்லை.

அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். நான் வீடு வந்து சேருகிற நேரம் அவருக்குத் தெரியும். போன் வரும். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

"என்ன பிள்ளை, சூடு ஆறிட்டுதோ?"

"இன்னும் இல்லையப்பா" என்றுவிட்டு, ஸ்கூட்டர் சீற்றிலேயே இருந்து கதைக்கத் தொடங்குவேன்.